தகரப் பெட்டியில் ஒரு தனுஷ்கோடி

2024ஆம் ஆண்டு ஆடி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பிலிருந்து அன்பர் ஒருவர் நமக்குச் சொல்லியனுப்பினார். அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் அவர் பணி ஓய்வு பெற்றவர். குடியிருப்பைக் காலி செய்து கொடுக்க வேண்டிய கெடு நெருங்கிவிட்டது. தந்தையார் காலத்திலிருந்து சேர்ந்த தமிழ்ப் புத்தகங்கள் சில இருக்கின்றன. சங்கத்து நூலகத்துக்கு ஆகுமானால் எடுத்துச் செல்லலாம் என்பது செய்தி. நாம் புத்தகங்களுக்காகத்தான் போனோம். திரும்பி வரும்போது நம் மனத்தை நிறைத்திருந்தது புத்தகம் அன்று. ஒரு பிஸ்கட் டப்பா.

வீடு மாறுகிறவர்களின் கூடம் எப்படியிருக்கும் என்பதை நேயர்கள் அறிவார்கள். சாக்கு மூட்டைகள், கயிறு, பழைய செய்தித்தாள், கழற்றிச் சாத்திய கட்டில். நடுவே ஒரு பச்சை டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் கலியாணப் பத்திரிகைகள், ஜாதகக் கட்டு, துருப்பிடித்த பூட்டு, அடியில் அந்த டப்பா. டப்பாவுக்குள் புகைப்படங்கள். "இவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. மகன் வேலை பார்ப்பது புனாவில். அவனுடைய வீடு இரண்டு அறை. இவற்றில் பாதிப் பேர் யார் என்று எனக்கே தெரியாது" என்றார் அன்பர். அவருடைய மனைவியார், "அம்மா இருந்தவரை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மூட்டை கட்டப் போய்விட்டார். அம்மா காலமானது 2019இல்.

எண்ணிப் பார்த்தோம். 163 படங்கள். அவற்றுள் பின்புறம் ஏதேனும் எழுதியிருந்தவை 21.

மெட்டுகுடாவை அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. தமிழ்க் காதுக்கு மெட்டு என்றால் இசை. ஆனால் இவ்வூரின் இசை நெடுங்காலமாக ரயிலோசைதான். ஒரு பக்கம் சிகந்தராபாத் சந்திப்பு, மற்றொரு பக்கம் லாலாகுடா ரயில்வே பட்டறை. நிஜாம் சமஸ்தானத்தின் ரயில்பாதை வாடியிலிருந்து சிகந்தராபாத்தை எட்டியது 1874இல். அந்த ரயில்வே 1951இல் மத்திய ரயில்வேயில் சேர்ந்தது. பிறகு 1966ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தென்மத்திய ரயில்வே என்னும் புதிய மண்டலம் தோன்றிச் சிகந்தராபாத் அதன் தலைமையிடமாயிற்று. விஜயவாடா, ஹுப்ளி ஆகிய கோட்டங்கள் தென்னக ரயில்வேயிலிருந்து பிரிந்து இதில் சேர்ந்தன. அவற்றோடு கோப்புகளும் வந்தன, குமாஸ்தாக்களும் வந்தனர், குமாஸ்தாக்களின் குடும்பங்களும் வந்தன. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சென்னைப் பட்டாளங்களோடு பாளையத்துக்கு வந்து தங்கிய தமிழர்களும் இங்கே உண்டு. ஆயினும் மெட்டுகுடாத் தமிழர் என்றால் ரயில்வேத் தமிழர் என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். 2017ஆம் ஆண்டு நவம்பரில் மெட்ரோ ரயிலும் இங்கே நிற்கத் தொடங்கிய பிறகு அந்தப் பெயர் இன்னும் பொருத்தமாகிவிட்டது போலும்.

நம் அன்பருடைய தந்தையார் திருச்சிராப்பள்ளியில் தென்னக ரயில்வேயில் எழுத்தராக இருந்தவர். புதிய மண்டலம் அமைந்த பின் மாற்றலாகிக் குடும்பத்தோடு இங்கு வந்தார்.

புகைப்படம் என்று பேசத் தொடங்கினால் சிகந்தராபாத்தில் இருந்துகொண்டு ஒரு பெயரைச் சொல்லாமல் விடுவது நன்றி மறந்த செயலாகும். மீரத் அருகே சர்தானாவில் 1844இல் பிறந்தவர் லாலா தீன தயாள். ரூர்க்கியில் பொறியியல் பயின்று இந்தூரில் சர்க்கார் வேலை பார்த்தவர். அவ்வேலையை விட்டுக் காமிராவைக் கைக்கொண்ட அவர், 1886இல் இந்தச் சிகந்தராபாத்தில் தமது ஸ்டூடியோவைத் திறந்தார். ஆறாம் நிஜாம் மகபூப் அலிகான் அவரைத் தமது அரசவைப் புகைப்படக்காரராக்கி ராஜா பட்டமும் அளித்தார். கோஷா முறையைக் கைக்கொண்ட பெண்மணிகளுக்கென 1892இல் தனியாக ஒரு ஸ்டூடியோவும் அவர் அமைத்தார். அதனை நடத்தியவர் ஓர் ஆங்கில மாது. தீன தயாள் 1905இல் மறைந்தார். அவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் 2800க்கு மேற்பட்டவை இன்று தில்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் இருக்கின்றன. ராஜாக்களின் முகங்கள் பிழைத்துக்கொண்டன. பெட்டியில் கிடக்கும் குமாஸ்தா குடும்பத்துப் படத்துக்கு அப்படி ஒரு மையம் இல்லை.

முற்றிலும் இல்லை என்பதும் பொருந்தாது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டுச் சிற்றூர் ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் கிடக்கும் பழைய படங்களைத் தேடிச் சென்று மின்படிகளாக்கி வைத்திருக்கிறார்கள். 1880 முதல் 1980 வரையான நூறாண்டுக் காலத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வரைந்த திரை, மரப்படிக்கட்டு, மேசைமேல் ஒரு புத்தகம், கைகளை முழங்கால்மேல் வைத்த பெரியவர், பக்கத்தில் விறைத்து நிற்கும் சிறுவன் என அந்தப் படங்களின் இலக்கணமே தனி. ஆயுள் குறையும் என்று படம் எடுத்துக்கொள்ள அஞ்சியவர்களும் இருந்தார்கள். ஆயுள் முடிந்தபின் நாற்காலியில் சாய்த்து வைத்து முதலும் கடைசியுமாக எடுத்த படங்களும் இருக்கின்றன. பல ஸ்டூடியோக்காரர்கள் கண்ணாடி நெகட்டிவ்களைத் தேய்த்துக் கழுவி வெறுங்கண்ணாடியாக விற்றுவிட்ட கதைகளைக் கேட்டால் வயிறு எரியும்.

டப்பாவிலிருந்த படங்களில் பாதிக்குமேல் ஸ்டூடியோப் படங்கள் அல்ல, பிரயாணப் படங்கள். இதில் வியப்பில்லை. ரயில்வே வீட்டுக்குச் செல்வம் என்று ஒன்று இருந்தால் அது பாஸ்தான். அரிசி கடன் வாங்கிய மாதத்திலும் அந்தப் பாஸைக் கொண்டு காசிக்குப் போய்வந்த குடும்பங்களை நாம் அறிவோம். ஹோல்டாலைச் சுருட்டிக் கட்டி, கூஜாவில் தண்ணீர் நிரப்பி, முதல் வேளைக்குப் புளியோதரையும், மறுவேளைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் வாழையிலையில் கட்டிக்கொண்டு மாலையில் சிகந்தராபாத்தை விட்டால், காசிப்பேட்டை, வாரங்கல், கம்மம் என்று இருட்டிலே கடந்து, விஜயவாடாவில் கிருஷ்ணையின் பாலம் அதிரும்போது தூங்குகிற குழந்தையை எழுப்பி, ஆற்றில் போடச் சொல்லிக் காசு கொடுத்து, பொழுது விடிந்து சென்னை சென்ட்ரலில் இறங்குவோம். அத்தோடு முடிந்ததா? தெற்கே போகிறவர்களுக்கு அதுவரை பாதிப் பிரயாணந்தான். சென்ட்ரலில் அகலப்பாதை, எழும்பூரில் மீட்டர் பாதை. மூட்டை முடிச்சுகளை ஜட்காவிலோ ரிக்ஷாவிலோ ஏற்றிக்கொண்டு ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்துக்கு ஓடிய ஓட்டம் ஒரு தலைமுறைத் தமிழர் அனைவர்க்கும் பொதுவான ஞாபகம். ஆயினும், அந்த ஓட்டத்துக்கு ஒரு புகைப்படம் உண்டா என்றால் இல்லை. கை இரண்டிலும் மூட்டை இருக்கும்போது காமிராவை யார் பிடிப்பது?

காமிரா இருந்த வீடுகளும் அருமை. பெட்டிக் காமிரா ஒன்றை யாரிடமேனும் இரவல் பெறுவார்கள். பின்னாளில் அக்ஃபா கிளிக் என்னும் எளிய காமிரா வந்தது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' பிலிமும் வந்தது. ஒரு சுருளுக்கு 8 படம். அளவு சிறிதானால் 12 படம். இராமேசுவரம் போய் வருவதற்குள் 12 தடவைதான் விசையை அழுத்தலாம் என்றால் மனிதன் யோசிக்காமல் இருப்பானா? கோபுரத்துக்கு ஒன்று, குடும்பத்துக்கு இரண்டு, குழந்தை சிரித்தால் ஒன்று. மீதியைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்வார்கள். மீதி தீருவதற்கு ஆறு மாதம் ஆகும். ஆகவே ஒரே சுருளில் இராமேசுவரமும் தீபாவளியும் அடுத்தடுத்து இருக்கும். இன்றைய தினம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 40 படம் எடுக்கிற நமக்கு அந்தச் சிக்கனம் வேடிக்கையாகத் தோன்றலாம்.

இனி அந்த ஒரு படத்துக்கு வருவோம்.

2¼ அங்குல அகலம், 3¼ அங்குல நீளம். நெகட்டிவின் அளவிலேயே அச்சிட்ட சிறு படம். நான்கு ஓரமும் அலை அலையாக வெட்டியிருக்கிறது. இரண்டு பெண்கள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே பாவாடை கட்டிய குழந்தை ஒன்று, ஒருத்தியின் விரலைப் பிடித்துக்கொண்டு, தன் காலிலேயே நிற்கிறது. பின்னால் ரயில் நிலையப் பெயர்ப் பலகை. 'தனுஷ்கோடி' என்பதில் கடைசி இரண்டு எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. முன்னால் மணலில் ஒரு நிழல். குனிந்து பெட்டிக் காமிராவைப் பார்க்கும் ஆணின் நிழல். படம் எடுப்பவர் படத்தில் இல்லாமல் போவது எல்லாக் குடும்பங்களிலும் உள்ள வழக்கம். இந்தத் தகப்பனார் நிழலாகவேனும் அகப்பட்டார்.

பின்புறம் மசியால் எழுதியிருந்தது: 'தனுஷ்கோடி. 1961. அக்காள், பாப்பா, நான்.'

"இந்தப் பாப்பா நான்தான்" என்றார் அன்பர். "வருஷம் தவறாக எழுதியிருக்கிறது. நான் பிறந்தது 1964 மார்ச்சு. 4 என்பதை 1 என்று எழுதிவிட்டார்கள். அம்மாவின் எழுத்தாக இருக்க வேண்டும். அக்காள் என்பது என் பெரியம்மா." பாவாடை கட்டியிருக்கிறதே என்றோம். அவர் சிரித்தார். முடி இறக்குவதற்கு முன்னால் ஆண் குழந்தைக்குப் பின்னலிட்டுப் பூ வைத்துப் பாவாடை கட்டிப் பார்ப்பது நம் தாய்மார்களின் ஆசைதானே. நம் வீட்டிலும் அப்படிப்பட்ட படம் ஒன்று உண்டு. ஆகவே பாவாடையை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை.

ஆனால் தனுஷ்கோடியை வைத்துச் சொல்லலாம். 1914இல் பாம்பன் பாலம் திறந்த காலந்தொட்டு, சென்னையிலிருந்து வரும் போட் மெயில் தனுஷ்கோடித் துறையில் பயணிகளை இறக்கும். அவர்கள் கப்பலேறித் தலைமன்னார் போய்க் கொழும்பு ரயிலைப் பிடிப்பார்கள். நிலையம், தபால் ஆபீஸ், சுங்கச் சாவடி, கோயில், மாதா கோயில் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் எவரும் மீளவில்லை. ஊரும் போயிற்று, மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று சர்க்கார் அறிவித்தது. பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் தலைமையில் 46 நாளில் சீர்செய்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை. அந்தப் பழைய பாலமும் 2022 டிசம்பரோடு ஓய்வு பெற்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தது.

ஆகவே அந்தப் பெயர்ப் பலகையின் முன்னால் எவரும் நின்று படம் எடுத்துக்கொள்ளக்கூடிய கடைசி நாள் 1964 டிசம்பர் 22. மார்ச்சில் பிறந்த குழந்தைக்கு அன்று 9 மாதம். படத்திலுள்ள குழந்தையோ காலை ஊன்றி நிற்கிறது. முடி தோளைத் தொடுகிறது. எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை வயதுக்குக் குறையாது. வருஷம் சரியாகவே எழுதியிருக்கிறது என்று நாம் சொன்னபோது அன்பர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது ஆண்டுகளாகத் தம்மை அந்த மணலில் நிற்கவைத்துப் பழகியவர். வீட்டில் அவர்தான் தலைமகன். அவருக்கு மூத்ததாக யாரும் இருந்ததாக எவரும் சொன்னதில்லை.

மேலே சொல்லுமுன் அந்தப் பின்புற எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபித்துக்கொள்ள நேயர்கள் அனுமதிக்க வேண்டும். 'அக்காள்' என்று எழுதினால் யாருக்கு அக்காள்? 'நான்' என்றால் எந்த நான்? எழுதுகிறவர் இருக்கிறவரையில் இதில் குழப்பம் இல்லை. அவர் போனபின் அந்தச் சொற்களில் பொருள் நிற்பதில்லை. 21 படங்களில் 14இல் இப்படியே இருந்தது: 'சித்தி கலியாணம்', 'மாமாவுடன் திருவண்ணாமலை', 'அத்தை வீட்டு வாசலில்'. உறவுமுறைச் சொற்களில் நம் மொழிக்கு உள்ள செழிப்பு வேறெங்கும் கிடையாது என்று மேடையில் பேசுகிறோம். அந்தச் செழிப்பே படத்தின் முதுகில் ஏறும்போது புதிராகிவிடுகிறது. முழுப்பெயர், தகப்பனார் பெயர், ஊர், இன்னாருக்கு இன்ன முறை, ஆண்டு ஆகிய ஐந்தும் இருந்தால்தான் பேரப்பிள்ளைக்கு விளங்கும்.

பேரப்பிள்ளைக்கு விளங்குமா என்பது அடுத்த கேள்வி. அன்பருடைய பேரன் தாத்தா வீட்டுக்கு வந்திருந்தான், வயது 11. படத்தைத் திருப்பிக் காட்டி, படி என்றோம். தமிழ் நன்றாகப் பேசுகிறவன், எழுத்தைப் பார்த்து விழித்தான். வருஷத்தை மட்டும் படித்தான். இதற்காக அவனைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை; இந்த ஊரில் வளர்ந்த நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தமிழெழுத்து தெரியும் என்று நம் வீட்டையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழெழுத்து கற்பிக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாயிற்று, இனியும் எழுதுவோம். அதுவரை, பெயர்களைத் தமிழிலும், பிள்ளைகள் படிக்கிற எழுத்திலும், இரண்டிலுமாக எழுதி வைப்பதே அறிவு.

எழுதுவதிலும் முறை இருக்கிறது. பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து முகத்தின்மேல் புடைத்துக்கொண்டு வரும். மசி நாளடைவில் ஊறும். மெல்லிய பென்சிலால், படத்தைக் கவிழ்த்துச் சமமான மேசைமேல் வைத்து, ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். வண்ணப்படங்களின் வழவழப்பான முதுகில் பென்சில் பிடிக்காது. அவற்றை ஒரு தாளுறையில் இட்டு, உறையின்மேல் முன்னதாகவே எழுதிவிடலாம்.

டப்பாவிலிருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தன. அவற்றிலே உருவைத் தாங்குவது வெள்ளி. சரியாகக் கழுவி அச்சிட்டிருந்தால் நூறாண்டு நிற்கும். கெட்டுப்போனவை 1970களுக்குப் பின்வந்த வண்ணப் படங்களே. அவற்றின் நிறம் சாயத்தால் ஆனது. சாயங்கள் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. நீலச்சாயம் முதலில் தளர்ந்துவிட்டால் முகமெல்லாம் செம்மை படர்ந்துவிடும். கலியாணப் படத்தில் மாப்பிள்ளை, பெண், புரோகிதர், அக்கினி எல்லாமே ஒரே சிவப்பாயிருப்பதைக் காணாத வீடு உண்டா? இதைவிடப் பெரிய தீமை அந்நாளில் வந்த ஒட்டுப்பசை ஆல்பம். பக்கம் முழுவதும் பசைக்கோடுகள், மேலே பிளாஸ்டிக் தாள். வாங்கும்போது அழகு, இருபதாண்டு சென்றபின் பசை இறுகிப் படத்தை விடாது. பலாத்காரமாகப் பிய்த்தால் படத்தின் முதுகு ஆல்பத்தோடும் முகம் கையோடும் வரும். வராத படத்தைப் பிய்க்காமல், பக்கத்தோடு சேர்த்தே முதலில் மின்படி எடுத்துவிட வேண்டும்.

சட்டத்திலிட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாலும் இதே விதிதான். பூஜை அறையில் சாம்பிராணிப் புகையும் விளக்குச் சூடும் படும்படி மாட்டியிருப்பது மூலப்படமாக இருந்தால், அதை இறக்கி நகலை மாட்டுங்கள். பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். செய்தித்தாளில் சுற்றி வைக்க வேண்டாம். அந்தத் தாளின் அமிலம் படத்தைப் பழுப்பாக்கும். பாச்சையுருண்டையைப் படங்களோடு போட வேண்டாம். அமிலம் நீக்கிய தாளுறை, அட்டைப் பெட்டி, வீட்டுக்குள்ளேயே வெயிலும் ஈரமும் படாத அலமாரி ஆகியன போதும். பரண் உதவாது, வேனிற்காலத்தில் ஓட்டின்கீழும் தளத்தின்கீழும் இந்த ஊர் கொதிக்கிற கொதிப்பு நாம் அறிந்ததே.

லாமினேஷன் என்று ஒன்று சொல்வார்கள். ஐயோ, வேண்டாம். சூட்டிலே ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. பழைய படத்தைப் புதுப்பிக்கிறோம் என்பவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். நம் பாட்டனாரின் படம் ஒன்றை ஒரு கடையில் கொடுத்தோம். திரும்பி வந்தபோது அவருக்குச் சிவந்த உதடும், சுருக்கமில்லாத கன்னமும், ஒருபோதும் அணியாத கோட்டும் இருந்தன. மூலத்தைத் திருப்பிக் கேட்டோம்; தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அன்று முதல் மூலப்படத்தைக் கண்ணெதிரே மின்படி எடுத்துக் கையோடு வாங்கி வருவது என்று வைத்துக்கொண்டோம்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை முழுகியபோது நகையைத் தூக்கிக்கொண்டு மாடியேறியவர்கள் ஆல்பத்தைக் கீழே விட்டுவந்தார்கள். 2020 அக்டோபரில் ஐதராபாத்துக்கும் அந்த அனுபவம் வந்தது. நனைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவிட்டால் கல்லாகிவிடும். ஈரமாயிருக்கும்போதே நல்ல தண்ணீரில் மெல்ல அலசித் தனித்தனியாக, முகம் மேலே இருக்கும்படி, நிழலில் உலர்த்த வேண்டும். இரண்டு நாளுக்குள் அவ்வளவையும் செய்ய இயலாதெனில், இடையிடையே பிளாஸ்டிக் தாள் வைத்துக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் போட்டுவிட்டால் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மின்படி எடுப்பதில் சிக்கனம் கூடாது. அங்குலத்துக்கு 600 புள்ளிகள் குறைந்த அளவு. தனுஷ்கோடிப் படம்போன்ற சிறு படத்துக்கு 1200. முன்பக்கம் எடுத்தபின் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும்; பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரு படி வீட்டில், ஒரு படி வேறு ஊரிலுள்ள உடன்பிறந்தார் வீட்டில், ஒரு படி இணையச் சேமிப்பில் இருக்கட்டும். பாகப்பிரிவினையில் ஆல்பத்துக்காக முகம் திருப்பிக்கொண்ட அண்ணன் தம்பிகளை நாம் பார்த்திருக்கிறோம். மின்படிக்குப் பாகம் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அன்பருடைய தாயாருக்கு ஒரு தங்கை இருக்கிறார். திருச்சிராப்பள்ளியில் பொன்மலையில் மகள் வீட்டில் வசிக்கிறார், வயது 80. அன்று மாலையே படத்தைக் கைபேசியால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார் அன்பர். சிறியதைச் சுருக்கி இன்னும் சிறியதாக்கி அது கொண்டுபோய்ச் சேர்த்தது. அம்மையார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் நாமே படத்தை எடுத்துவந்து 1200 புள்ளியில் மின்படியாக்கி, அதனைச் சுருங்காதபடி ஆவணமாக அனுப்பச் செய்தோம். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பேத்தி அதைக் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினாளாம்.

இரவு எட்டு மணிக்குப் பொன்மலையிலிருந்து அழைப்பு வந்தது. நாமும் அங்கேதான் இருந்தோம்; மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தோம். திரையில் அந்த அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இது என்னுடைய எழுத்து, தம்பி. நான் பள்ளிக்கூடத்துப் பேனாவால் எழுதியது. அக்காள் என்று எழுதியிருக்கிறேனே, அது உன் அம்மா" என்றார்.

"அப்படியானால் பாப்பா யார், சித்தி?"

"அது நீ இல்லை."

தை அமாவாசை ஸ்நானத்துக்குப் போனார்களாம். பாஸ் போட்டுக்கொண்டு திருச்சியிலிருந்து மெயிலில் நான்கு பேராகப் போனார்கள். தனுஷ்கோடியில் மணல் சுடுகிறதென்று குழந்தை அழுதது. அழுகை நின்ற ஒரு கணத்தில் அத்தான் படம் எடுத்தார். அடுத்த ஆண்டு வைகாசியில் மூன்றே நாள் காய்ச்சல். "அதற்குப் பிறகு உன் அம்மா அந்தப் பெயரைச் சொல்லவில்லை, எங்களையும் சொல்லவிடவில்லை. நீ பிறந்தபோது, இவனிடம் சொல்லாதீர்கள் என்று ஒரே வார்த்தைதான். படங்களையெல்லாம் அத்தான் எடுத்து எங்கேயோ போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒன்றை அவள் வைத்திருக்கிறாள் பார்."

"பெயர் என்ன, சித்தி?" என்று அன்பர் கேட்டார். அம்மையார் சொன்னார். அவர் மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னார்.

பென்சிலைத் தேடினோம். கட்டிய மூட்டைகளில் அது எங்கே அகப்படும்? பேரன் தன் புத்தகப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அன்பர் படத்தைக் கவிழ்த்து டிரங்குப் பெட்டியின் மூடிமேல் வைத்து, சித்தியின் மசியெழுத்துக்குக் கீழே, அழுத்தாமல், தமக்கையின் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதினார். பிறகு அதனடியில் அதையே தெலுங்கெழுத்தில் எழுதினார். பையன் குனிந்து, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தான்.